மெதுவாக அடைத்த மிளகு

மெதுவாக வேலை செய்தால் வேலை நிலைக்கும் என்று நான் மனதார நம்பினேன். இதை எழுத இப்போது வெட்கமில்லை. படவேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்றைக்கே பட்டு முடித்துவிட்டேன்.

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் வாசனைச் சரக்குகளைப் பொதி செய்யும் கம்பனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். என் மேசையில் பதினொரு பெண்கள் மிளகையும் கராம்பையும் நிறுத்து, பாக்கெட்டில் போட்டு ஒட்டுவார்கள். ஒருநாள் முகாமையாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "சம்பளச் செலவு கூடிப்போச்சு. ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம் போகுதுனு அளக்க, திங்கக்கிழமை கண்டி ஒபிஸ்ல இருந்து ஒரு மிஸ் வர்றாங்க."

அளக்க என்றதுமே எனக்குக் கொழுந்துத் தராசுதான் நினைவுக்கு வந்தது. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். எல்லாரும் அந்தக் கிலோவைச் சுலபமாகத் தாண்டினால் கிலோவையே ஏற்றிவிடுவார்கள். அளக்க வருகிறவர் முன்னால் கையை அடக்கு என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல.

அந்த ஞானத்தை வெள்ளிக்கிழமையே மேசைக்கு அறிவித்தேன். மேசையிலேயே மூத்த அக்கா சிரித்தார். "நீங்க எப்பவும் மெதுவாத்தானே இருக்கீங்க அண்ணே. நாங்கதான் பழகணும்."

திங்கட்கிழமை மிஸ் வந்தார். வேலை கண்டியில் என்றாலும் மாத்தளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் பெண். கையில் போனை வைத்து நேரம் பார்த்தார். எங்கள் பெண்கள் மிளகை முத்தை நிறுப்பதுபோல நிறுத்தார்கள். ஒருத்தி தராசிலிருந்து ஒரேயொரு மிளகை எடுத்தாள், யோசித்தாள், திரும்பவும் வைத்தாள். நான் பின்னால் கைகட்டி நின்று பெருமையில் பூரித்தேன்.

பத்து மணி பிளேன்டீக்கு மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மேசைக்கு ஆளுங்களை வச்சுக்கிறதா, பொதி செய்ற மெஷின் எடுக்கிறதானு முடிவு பண்ணணும் அண்ணன். ஆளுங்க வேகமா இருந்தா மெஷின் கட்டுப்படியாகாது."

பிளேன்டீயைப் பாதியில் வைத்தேன். மேசைக்கு ஓடினேன். "வேகமாப் போடுங்க! வேகமா!"

"வெள்ளிக்கிழமை மெதுவான்னீங்க, இப்ப வேகமாங்கிறீங்க," என்றார் அக்கா. "பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒண்ணா மிதிக்கிற டிரைவர்கிட்ட மாட்டிக்கிட்டோம்டி."

அதன்பிறகு மிளகு பறந்தது. என் சட்டைப் பைக்குள்ளேயே நாலைந்து விழுந்தன. பதினொரு குடும்பத்துச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று பயந்தேன். கடைசியில் மிஸ்ஸிடமே போய் நின்றேன்.

"மிஸ், காலையில அவங்க மேல தப்பில்ல. மெதுவாச் செய்யச் சொன்னது நான்தான். அனுப்புறதா இருந்தா என்னைய மட்டும் அனுப்புங்க."

மிஸ் போனை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "தெரியும் அண்ணன். கம்பனி கேட்டைத் தாண்டிப் போன பெட்டிக் கணக்கு ஒரு வருஷத்துக்கு எங்கிட்ட இருக்கு. காலையில காட்டின வேகத்துல செஞ்சிருந்தீங்கன்னா, போன நோன்புப் பெருநாளைக்கு அனுப்பின கராம்பு இன்னும் இந்த மேசையிலதான் கிடக்கும்."

"அப்ப என்னத்த மிஸ் இவ்வளவு நேரம் அளந்தீங்க?"

"வேலை எங்க நிக்குதுனு பார்த்தேன். ஸ்டோர்ல இருந்து மூட்டை வந்து சேர்றதுக்கே காலையில ஒரு மணி நேரம் போகுது. அதுவரைக்கும் எல்லாரும் சும்மா இருக்காங்க. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பின்னேரம் ஓவர்டைம்னு குடுத்துக்கிட்டு இருக்கோம்."

இத்தனை வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தில் பகிடி சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். அதை மட்டும் மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து மூட்டைகள் முதல்நாள் பின்னேரமே மேசைக்கு வந்தன. செலவு அதிலேயே குறைந்ததால் மெஷின் வாங்கவில்லை. பதினொரு பேரும் வேலையில் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், அதில் பாதியளவை அடிப்படைச் சம்பளத்தில் கூட்டினார்கள்.