அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்?

என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க இன்னைக்குத் திருமயத்துல ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன்.

எனக்கு முன்னாடி அரிமளம் பக்கத்து அக்கா ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்க. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் போறாங்களாம். கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு ஒவ்வொண்ணா கேட்டு அடிச்சுக்கிட்டிருந்துச்சு.

"அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்க்கா?"

அக்கா யோசிக்காம ஒரு நம்பரைச் சொன்னாங்க.

"இது யாரு நம்பர்?"

"எங்க வீட்டுக்காரரு..." சொல்லும்போதே முகம் மாறிடுச்சு. "அவரு தவறிட்டாரும்மா. வாய் தன்னால சொல்லிருச்சு."

"வேற யாராவது?"

"மக ஹாஸ்டல்ல படிக்குது, அதுக்கிட்ட போன் இல்ல. தம்பி இருக்கான். நான் வெளிநாடு போறேன்னதும் பேச்சை நிறுத்திட்டான்."

அக்கா அப்புறம் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, ஒங்க நம்பரைப் போடட்டுமா?"ன்னு கேட்டாங்க.

அதுவரைக்கும் அவங்க பேர்கூட எனக்குத் தெரியாது. நம்பரைக் கொடுத்துட்டேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடிச்சு, "போன் வராது, பயப்படாதீங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரலை.

என்னோட இந்த நம்பரை மாத்தணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். இனிமே எங்கிட்டு மாத்துறது? நீங்களே சொல்லுங்க.