வேலியில் பூத்த கடிகாரம்

மழை விட்ட காலையில் வேலியருகே போனால் எலுமிச்சையும் தேனும் கலந்தாற்போல் ஒரு வாசனை... கிருஷ்ணகமலம் விரிந்துவிட்டது என்று பார்க்காமலே தெரிந்துவிடும்.

நேற்று இந்தக் குழுவில் அந்தப் பூவின் படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே ஆளாளுக்கு 'தெய்வ மலர்' என்று கைகூப்பியிருந்தீர்கள். நான் கூப்பவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

எழுபதுகளில் சேரப்பணஞ்சேரிக்குக் குடிவந்தோம். கணவருக்கு அம்பத்தூர் பக்கம் ஃபாக்டரி வேலை, சனிக்கிழமைதான் வருவார். நான் உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர். படித்த கான்வென்ட்டிலிருந்து கொண்டுவந்த கொடியை வேலியில் படரவிட்டிருந்தேன்.

சிஸ்டர்கள் அதைப் பாடுகளின் மலர் என்பார்கள். நடுவில் மேலே நிற்கும் மூன்றும் ஆணிகள். கீழே உள்ள ஐந்தும் திருக்காயங்கள். சுற்றியுள்ள ஊதா இழைகள் முள்முடி. பிசகாமல் ஒப்பிக்காவிட்டால் முட்டி போட வேண்டும். நான் ஒருநாளும் முட்டி போட்டதில்லை.

கொடி வேலி தாண்டி, பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடமும் போயிற்று. பயிர் வைக்கிற குடும்பம். அவள் தன் பக்கத்துப் பூவைப் பறித்துப் பெருமாள் படத்துக்கு வைப்பாள்.

"இன்னா டீச்சரம்மா, கிஸ்ணர் பூவ வேலியிலயே வாட வுட்டுக்கினு கீற?"

"இது கிருஷ்ணர் பூ இல்ல கன்னியம்மா. இயேசுவோட அஞ்சு காயம் இது."

"ஐய... அது பஞ்ச பாண்டவருங்க. சுத்தி நிக்கிறது துரியோதனன் கூட்டம், நூறு பேரு. நடுவுல கீறாரு பாரு, அவருதான் கிஸ்ணரு."

"நூறு இருக்கா? எண்ணிப் பார்த்தியா?"

"எண்றதுக்கு நான் இன்னா டீச்சரா? உன் சாமிக்கு வெறும் ஆணிதான். எங்க சாமிக்குக் குடும்பமே கீது!"

எங்கள் இருவருக்கும் நடுவே வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் ஸ்டெல்லா. என் ஒரே மகள், ஐந்து வயது.

"ரெண்டும் இல்ல. இது வாட்ச்சு. அப்பா கையில இருக்கே, அது."

"பாத்தியா, டீச்சர் பெத்தது டைம் பாக்குது!" என்று கன்னியம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். ஸ்டெல்லா சிரிக்க மாட்டாள். தினமும் பூவைப் பார்த்துவிட்டு வந்து கேட்பாள்... "அம்மா, அப்பா வர டைம் ஆச்சா?"

ஒரு ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் கழுத்து விறைத்துப் போயிற்று. படப்பை டாக்டர் பார்த்தார். மூளைக் காய்ச்சல், உடனே மெட்ராசுக்குக் கொண்டு போங்கள் என்றார்.

பஸ் ஏற்றிவிடக் கன்னியம்மா வீட்டில் வண்டி பூட்டினார்கள். அவள் தலை நனைய ஓடி வந்தாள். "பெருமாளுக்கு ஒரு பூ வெச்சிட்டேன். உங்க மாதாவுக்கும் ஒண்ணு வெச்சிட்டேன், டீச்சரம்மா."

"கிருஷ்ணர்கிட்ட நல்லா வேண்டிக்கோ கன்னியம்மா," என்றேன். நான்தான் சொன்னேன்.

மூன்றாவது பூவை ஸ்டெல்லாவின் கையில் வைத்தாள். "மணி பாத்துக்கினே போ கண்ணு. அப்பா நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடுவாரு."

பஸ்ஸில் ஒருமுறை கண் திறந்து பூவைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை, அவர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. விரல்களைப் பிரித்தேன். உள்ளே பூவும் மூடியிருந்தது.

அந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். எனக்குத் தெரியாததல்ல. இழை இழையாக அர்த்தம் சொன்னவர்கள், அதற்கு மட்டும் அர்த்தம் சொல்லித் தரவில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது கன்னியம்மா வேலியருகே அரிவாளோடு நின்றாள். கொடி வேரோடு கிடந்தது.

"ரெண்டு சாமிக்கும் வெச்சமே... ஒண்ணுகூடவா கண்ணத் தொறக்கல?"

என்னைக் கேட்காமல்தான் வெட்டியிருந்தாள். கேட்டிருந்தால் அரிவாளை நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இன்று அந்த வேலியும் இல்லை, அப்பால் இருந்த வயலும் இல்லை. கன்னியம்மாவின் பேரன்கள் ஒரகடத்தில் ஷிப்டு பார்க்கிறார்கள். கம்பெனி பஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் ஊரே எழுந்திருக்கிறது, சாப்பிடுகிறது, தூங்குகிறது. என் மாடியில் ஒரு ஜப்பான் தம்பதி குடியிருக்கிறார்கள். கணவருக்கு இங்கே கார் கம்பெனியில் வேலை.

போன மாதம் அந்தப் பெண் மாடித் தொட்டியில் பூத்ததைக் காட்டக் கூப்பிட்டாள். எலுமிச்சையும் தேனும்... படியேறும்போதே தெரிந்துவிட்டது.

"உங்கள் ஊரில் இதை எந்தச் சாமிக்கு வைப்பீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. சாமிக்கெல்லாம் இல்லை என்றாள். தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர்கள் மொழியில் இதற்குக் கடிகாரப் பூ என்றுதான் பெயராம்.

நான் இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு பெரியவர்களோடு ஒற்றை ஆளாக வாதாடினாள் என் பெண். அவள் பக்கம் ஒரு நாடே இருந்திருக்கிறது. கன்னியம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. ஸ்டெல்லாவின் அப்பாவும் போய்விட்டார்.

ஸ்டெல்லா சொன்னதுதான் சரி என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்வேன்...