மோதிர விரலில் ஒரு குளவி

போன ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் கல்யாண மோதிரத்தை வேறொருவர் கழற்றினார். எங்கள் சர்ச் பிக்னிக்கில், எல்லோரும் பார்க்க. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

பதறாதீர்கள். எல்லாம் ஒரு குளவியால் வந்தது.

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மரத்தடியில் பாய் விரித்து, தேக்கா மார்க்கெட்டில் வாங்கிப்போன பிரியாணியை முடித்திருந்தோம். என் மனைவி ரீட்டா, ரோஸ் சிரப் கலந்த பாலான பண்டோங் டம்ளரை எடுத்தாள் – விளிம்பில் குளவி இருந்ததைக் கவனிக்கவில்லை. இனிப்பு என்றால் அதற்கும் ஆசை இருக்காதா? சரியாக மோதிர விரலில் ஒரு கொட்டு.

நான் சும்மா இருப்பேனா? பஸ் கார்டை எடுத்து, குளவியின் கொடுக்கைத் தேடிச் சுரண்டினேன். பிறகு, எப்போதும் என் பாக்கெட்டில் இருக்கும் தைலத்தைத் தேய்த்தேன். எரிகிறது என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வந்தார் ஸ்டீபன். ரீட்டாவோடு பாடகர் குழுவில் பாடுபவர். என் வயதுதான், ஆனால் தொப்பை இல்லை. அவர் பாடினால் சர்ச்சே உருகும், எனக்கு மட்டும் வயிறு எரியும். வேலையில் சேஃப்டி ஆபீசர் வேறு.

குளவி, தேனீ மாதிரி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாதாம். இல்லாத ஒன்றைத்தான் இவ்வளவு நேரம் சுரண்டியிருக்கிறேன். தைலமும் கூடாதாம். எங்களை அந்த இடத்தைவிட்டுத் தள்ளி உட்காரவைத்து, சோப்புப் போட்டு விரலைக் கழுவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, வீங்கிட்டா மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கணும். இப்பவே கழட்டிடலாமா?"

அண்ணனாம்! நானே இழுத்தேன். வரவில்லை. விரல் தடித்துக்கொண்டே போனது. ஃபாதர் ஆசீர்வதித்து, நான் போட்ட மோதிரம்... அதை வெட்டுவதா?

"விடுங்க, வலிக்குது" என்றாள் ரீட்டா. கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் சோப்பு நுரையைத் தடவி மெல்லத் திருகினார். வந்துவிட்டது.

துணியில் சுற்றிய ஐஸை விரலில் வைத்துக்கொண்டே, மூச்சு முட்டுகிறதா, தலை சுற்றுகிறதா, உதடு வீங்குகிறதா என்று விசாரித்தார். ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டுமாம். நல்ல வேளை, எதுவும் இல்லை. எனக்குத்தான் மூச்சு முட்டியது. ஒருவர் கெட்டிக்காரராகவும் இருந்து, நல்லவராகவும் இருந்தால், பக்கத்தில் நிற்பவன் என்னதான் செய்வான்? திட்டக்கூட வழியில்லை.

புக்கிட் மேரா வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் ஸ்டீபன் புராணம். வீக்கம் வடியும்வரை மோதிரம் என் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. வேறு யாரிடமாவது கொடுப்பேனா?

நேற்று, கிச்சன் சிங்க் பக்கத்தில் நின்று, போட்டுவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். மோதிரம் பாதி விரலில் நின்றுவிட்டது.

"சோப்பு தடவுங்க. ஸ்டீபன் அப்படித்தானே..." என்றவள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "பொறாமையா? ரொம்ப ஓவர் லா."

ஆமாம், பொறாமைதான். சோப்பு தடவினேன். ஏறிவிட்டது.

முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ரீட்டாவை இனிமேல் எந்தக் குளவியும் கொட்டக் கூடாது என்றுதான் ஜெபிக்கிறேன். இல்லை, கொட்டியே தீருவேன் என்று அது அடம்பிடித்தால்...

ஸ்டீபன் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரட்டும்!