திரை போட்ட கண்ணாடிக் கட்டிடம்

அண்ணே, நீ கயிற்றில் தொங்கித் துடைத்த அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

திறப்பு விழா அன்று நான் கேசரித் தட்டோடு பின்னால் நின்றேன். கட்டிடத்தை வரைந்தவர் மைக்கில், "சூரியன் இருக்கும்போது லைட்டு எதுக்குங்க?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பாவம், அவர் திருச்சி வெயிலைப் படத்தில்தான் பார்த்திருப்பார் போல.

சித்திரை பிறந்ததும் தெரிந்தது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. மத்தியானம் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து தெரியாது. ஒரு மேடம் சீட்டிலேயே குடை விரித்து உட்கார்ந்தார். காலண்டர் அட்டையை ஒட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சாம்பல் நிறத் துணித் திரையை வரிசையாக இறக்கிவிட்டு, பகல் முழுக்க ட்யூப்லைட் போட்டார்கள். வெளிச்சத்துக்காகக் கொடுத்த விருது மட்டும் வாசலில் பளபளத்தது.

ஆனால் மாதம் ஒருமுறை வெளியே கண்ணாடி துடைப்பது நிற்கவில்லை. உள்ளே திரையைத் தூசி தட்டுவது என் வேலை. படிக்கட்டில் சாப்பிடும்போது நீ சொல்வாய்: "பாப்பா, உள்ள யாரு இருக்கான்னே தெரியல. நான் என் மூஞ்சியத்தான் துடைக்கிறேன்."

"நல்லா துடைண்ணே, அதுலதான் அழுக்கு ஜாஸ்தி."

திரையில் விழும் நிழலை வைத்துத்தான் உன்னைக் கண்டுபிடிப்பேன். நீ கண்ணாடியைத் தட்டுவாய், நான் ஓரத்தைத் தூக்கி நாக்கைத் துருத்துவேன். மேனேஜர் ஒருநாள் கத்தினார்: "ஏம்மா, கண்ணு கூசுதுல்ல? எறக்கு!" அதற்குப் பிறகு நான் தூக்கவில்லை.

அன்றைக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்று உச்சி வெயில் சாயும் நேரத்தில் உன்னை மேற்குப் பக்கம் ஏற்றினார்கள். இரண்டு தட்டு கேட்டது. மெதுவாக. மேனேஜர் பக்கத்திலேயே இருந்தார். விளையாடுகிறாய் என்று விட்டுவிட்டேன். அப்புறம் நிழல் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கிறாய் என்று நினைத்து மேசையைத் துடைத்தேன்.

கயிறு அறுந்து நீ விழவில்லை. வெயிலில் மயங்கி, பெல்ட்டிலேயே தொங்கியிருக்கிறாய். ரோட்டிலிருந்து வாட்ச்மேன் பார்த்துக் கத்தும்வரை யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓர் ஆபீஸே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு துணி.

துக்கம் கேட்க அரியமங்கலத்தில் நம் வீட்டுக்கு வந்த மேனேஜர், "நமக்கு எப்படிம்மா தெரியும்? திரை இருந்துச்சே" என்றார். நமக்காம்! அடுத்த வாரமே வேறு ஒருவரைக் கயிற்றில் ஏற்றினார்கள். நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களே, வரும் ஞாயிறு மாதா கோயிலில் என் அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை. அந்த மேனேஜருக்காகச் செபிக்க எனக்கு மனசு வரவில்லை, வராது. ஆனால் தட்டும் சத்தம் என் காதிலும் விழுந்தது. கோயிலுக்கு வர முடியாதவர்கள் இருக்கிற இடத்திலேயே என் அண்ணனுக்காக ஒரு நிமிடம் செபியுங்கள். நான் எழுந்து போகாததை அவன் மன்னிக்கவும் சேர்த்துக் கேளுங்கள்.