தொரை இளைச்ச கதை

என் பொண்டாட்டிக்கு உக்கார வராதுங்க. பொய் சொல்லல. சாப்பிடறப்போ பாதியில எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவா, சாத்தினதை மறுபடி திறப்பா. போன்ல பேசினா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையா நடப்பா. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா கால் ஆடிக்கிட்டே இருக்கும், முன் சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார், நான் பல்லைக் காட்டணும். எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாள் பூரா மேலயும் கீழயும் ஓடற மெஷினையே ஒரு பட்டனைத் தட்டி நிறுத்திடுவேன். இவளை நிறுத்த இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பட்டன் கிடைக்கல.

கால்நடை மருத்துவக் கல்லூரியில அவ வாத்தியாரம்மா. நாய்க்கும் பூனைக்கும் என்ன சாப்பாடு, எவ்வளவு சாப்பாடு, இதுதான் அவ பாடம், அதுதான் அவ ஆராய்ச்சி. கேட்டவுடனே சிரிப்பு வருதுல்ல? அந்தக் கல்லூரியிலயும் சிரிச்சாங்க. மாட்டுத் தீவனம் சொல்லிக் குடுக்கற ஒரு பெரியவர், "பால் கறக்கறதுக்குத் தீவனம் போட்டா அது ஆராய்ச்சிம்மா. நாய்க்குத் தட்டு வைக்கறது சமையல்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அன்னிக்கு வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் டமால் டமால்னு வெச்சா பாருங்க, நான் மொட்டைமாடிக்கு ஓடிட்டேன்.

முன்ன அவ ஊசி போடற டாக்டராத்தான் இருந்தா. மூச்சு வாங்குது, நொண்டுதுன்னு குண்டு நாய்களைத் தூக்கிட்டு வருவாங்களாம். மருந்து குடுத்து அனுப்பினா அடுத்த தடவை இன்னும் ஒரு சுத்து பெருத்து வருமாம். "வியாதி பூரா தட்டுல இருக்கு, நான் ஊசியை வெச்சுக்கிட்டு என்னத்தைப் பண்றது?"ன்னு கத்திட்டு, மறுபடி படிச்சு இந்தப் பக்கம் வந்தா. வகுப்புல முதல் நாள் ஒரு மூட்டை நாய்த் தீனியும் ஒரு கப்பும் வெச்சு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கப் அள்ளச் சொல்லுவா. எல்லாரும் அள்ளினதையும் தராசுல வெச்சுக் காட்டுவா. ஒருத்தர் அள்ளினது மாதிரி இன்னொருத்தர் அள்ளினது இருக்காது. "கண்ணை நம்பாத, கையை நம்பாத, நிறுத்துப் பாரு"ன்னு சொல்லிச் சொல்லி பிள்ளைங்க அவளுக்கு 'கிராம் மேடம்'னு பேர் வெச்சுட்டாங்க. வீட்டுல எனக்கு வெண்ணெய் தடவறப்பவும் கிராம் மேடம்தான், அது வேற கதை.

மாமியார் திடீர்னு போய்ச் சேர்ந்ததும் மாமனாரை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அவரோட ஒரு பெட்டி, ஒரு நாய். நாயைத் 'தொரை'ன்னுதான் கூப்பிடுவார். தொரைதான் சோபாவுல உக்காருவார், நாங்க நாற்காலியில. ரெண்டு பேரும் காலையில சாயந்திரம் தெரு முழுக்க நடந்துட்டு வருவாங்க. மாமனாரை உயிரோட வெச்சிருந்ததே அந்த நடைதான்னு என் பொண்டாட்டி சொல்லுவா. அப்புறம் ஒரு நாள் படியில தாவினப்போ தொரைக்குப் பின்னங்கால் முட்டியில ஜவ்வு அறுந்துபோச்சு. நடை நின்னுச்சு. தொரை படுத்தார், கூடவே மாமனாரும் ஜன்னலோரம் உக்காந்துட்டார். கேட்டா, "அவன் இல்லாம நான் மட்டும் எங்கம்மா போறது?"ம்பார்.

கல்லூரி ஆஸ்பத்திரியில அறுவை பண்ற டாக்டர் தொரையை ஒரு தடவை பாத்தார். "இந்த உடம்பைத் தாங்கற மாதிரி என்னால தைக்க முடியாது மேடம். இளைக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க, அன்னிக்கே பண்ணித் தர்றேன்"னுட்டார். என் பொண்டாட்டிக்கு இது போதாதா? அப்போதான் அவ நார்ச்சத்து கூட்டி ஒரு தீனி தயார் பண்ணி, ஊர்ல இருக்கற குண்டு நாய்களையெல்லாம் சேத்து ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தா. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா உடம்பு ஏறாது. தொரையையும் அதுல சேத்துட்டா. நாய் இளைக்கணும், கால் சரியாகணும், அப்பா மறுபடி தெருவுல நடக்கணும். அவளுக்கு வேற நினைப்பே இல்ல.

மத்த நாய்களெல்லாம் கல்லூரிக்கு வந்து எடை பாத்துக்கும். தொரைக்குக் காலை அசைச்சா வலி, கார்ல ஏத்தினா ஊரைக் கூட்டும். அதனால ஞாயித்துக்கிழமைதோறும் வீட்டுலயே பாக்கலாம்னு முடிவாச்சு. குளியலறையில இருக்கற சின்ன எடை மெஷின்ல அது நிக்குமா? வழுக்கும். யாராவது தூக்கிக்கிட்டு ஏறணும். என்னைக் கண்டா தொரைக்கு ஆகாது, கடிக்க வரும். அவமேல ஊசி வாசனை, அதனால நெளியும். மாமனார் கையிலதான் குழந்தை மாதிரி படுத்துக்கும். சரி, அவர் நாயோட ஒரு தடவை ஏறணும், இறங்கித் தனியா ஒரு தடவை ஏறணும், கழிச்சா நாயோட எடை. முதல் வாரம் அப்படித்தான் பண்ணாங்க. ரெண்டாவது வாரம் அவர், "ஏம்மா, வாராவாரம் நான் வளரப்போறேனா? முட்டி வலிக்குது, ஒரு தடவை ஏறினா போதாதா?"ன்னார். இவளும் சிரிச்சுட்டு, "போதும்பா, உங்க எடைதான் என்கிட்ட இருக்கே, அதையே கழிச்சுக்கறேன்"ன்னுட்டா. நிறுத்துப் பாரு, நிறுத்துப் பாருன்னு உயிரை வாங்கற கிராம் மேடம், பெத்த அப்பாவை மட்டும் நிறுக்காம விட்டுட்டா!

தொரை இளைக்க ஆரம்பிச்சார். அடடா, என்ன இளைப்பு! வாராவாரம் முள்ளு இறங்குது. அதைவிட அதிசயம், தட்டுக்கு முன்னாடி நின்னு ஊளையிடற நாய், சாயந்திரம் நாங்க வர்றப்போ அடங்கிக் கிடக்குது. "பாத்தீங்களா? வயிறு நிறைஞ்சிருக்குங்க அதுக்கு. தீனி வேலை செய்யுது!"ன்னு என் கையைப் பிடிச்சுக் குலுக்குவா. எனக்கென்னவோ தொரை அப்படியே தலையணை மாதிரி இருக்கறதாத்தான் பட்டுச்சு. ஒரு தடவை சொல்லியும் பாத்தேன். "உங்களுக்கு லிஃப்ட்டைப் பத்தித் தெரியும், நாயைப் பத்தி என்ன தெரியும்?"னு ஒரே போடு. விலாவைத் தடவிப் பாத்து, எலும்பு கையில தட்டுப்படுதுன்னு வேற சொன்னா. ஆசைப்பட்டா எதுதான் தட்டுப்படாது?

மாமனார் அந்த நாள்ல கம்பளிச் சட்டை போட்டுக்க ஆரம்பிச்சிருந்தார். ராத்திரி எங்களோட உக்காந்து ரொட்டியை டீயில முக்கி முக்கிச் சாப்பிடுவார். மதியத்துக்கு வெச்சுட்டுப் போற டப்பா கழுவிக் கவிழ்த்து இருக்கும். ஒரே வீட்டுல இருக்கறவங்க கரையறது கண்ணுக்குத் தெரியறதில்லைங்க.

அறுவைக்கு நாள் குறிச்சாச்சு. அன்னிக்கு என் பொண்டாட்டிக்குத் தலைகால் புரியல. வகுப்புப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சுட்டா, மாட்டுத் தீவனப் பெரியவரையும் வாங்கன்னு கூப்பிட்டுட்டா. ஆஸ்பத்திரியில தரையோட தரையா ரப்பர் விரிச்ச பெரிய எடை மேடை உண்டு. தொரை நொண்டிக்கிட்டுப் போய் அதுமேல சௌகரியமா படுத்துக்கிட்டார். எண் வந்துச்சு. முதல் தடவை டாக்டர்கிட்ட காட்ட வந்தப்போ இருந்த அதே எடை. சரியாச் சொன்னா, கொஞ்சம் கூட.

பெரியவர் தொண்டையைச் செருமினார். இவ, "மெஷின் கெட்டுப்போச்சு"ன்னா. மெஷின் பாக்கற ஆள் வந்து தொரையை இறக்கிட்டு எடைக்கல் வெச்சுக் காட்டினார், சரியா இருந்துச்சு. "நீங்க ஏறுங்க"ன்னு என்னைத் தள்ளினா. ஏறினேன். என் தொப்பை என் தொப்பைதான், ஒரு கிராம் குறையல. ஒரு பிள்ளை மெதுவா, "மேடம், அப்போ வீட்டுல குறைஞ்சது..."ன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்திடுச்சு.

அவ திரும்பி அப்பாவைப் பாத்தா. அவர் பெஞ்சுல உக்காந்து செருப்பையே பாத்துக்கிட்டிருந்தார்.

"அப்பா, நீங்க ஏறுங்க."

"எனக்கெதுக்கும்மா? நான் என்ன நாயா?"

"ஏறுங்கப்பா."

"எல்லாரும் பாக்கறாங்க, விடும்மா."

"ஏறுங்கன்னு சொல்றேன்ல!" அவ கத்தின கத்துல தொரையே எழுந்து நின்னுடுச்சு. அவர் கம்பளிச் சட்டையோட ஏறினார். தொரை இளைச்சதா நாங்க கொண்டாடினது அத்தனையும் அவர் உடம்புலேருந்துதான் போயிருந்துச்சு. அவ பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டு, அப்புறம் அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் காருக்கு ஓடினா. தொரையை நான் தூக்கிட்டுப் போனேன். என்னவோ அன்னிக்கு அது என்னைக் கடிக்கல.

மனுஷங்க ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பாத்தாங்க. உணவுக்குழாயில ஒரு கட்டி. கொஞ்சம் கிள்ளி சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு சொல்ல நாளாகுமாம். அவ வராந்தாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தா. நர்ஸம்மா உக்காரச் சொன்னாங்க, நான், "விட்டுடுங்க"ன்னேன். கடைசியில கதவைத் திறந்துக்கிட்டு உள்ள போய் கட்டில்கிட்ட நின்னா.

"எப்போலேருந்துப்பா முழுங்க முடியல?"

"கொஞ்ச நாளாவேதான். நெஞ்சுல வந்து நின்னுக்கும். டப்பாவுல மிச்சம் வெச்சா நீ கண்டுபிடிப்ப. அதான் அவனுக்குப் போட்டேன்."

"அது ஒழுங்கா இளைச்சாத்தானே அறுவை? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. தப்புத்தான். குப்பையில போட்டா அதையும் நீ பாத்துடுவியே."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னப்பா? நான் டாக்டர்ப்பா! நாய்க்குத்தான் டாக்டர், ஆனாலும் டாக்டர்! வாராவாரம் உங்களை மெஷின்ல ஏத்தி நிறுத்தி, எண்ணைப் பாத்து..." அதுக்கு மேல அவளால முடியல. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா.

"குறையறது உங்க எடைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லப்பா?"

"பெல்ட்டுல புது ஓட்டை போட்டது நான்தானேம்மா, தெரியாமலா இருக்கும்?" அவர் அவ தலையைத் தடவிக் குடுத்தார். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்லணும்னுதான் அந்த மெஷின்ல ஏறுவேன். நீ குனிஞ்சு எண்ணைப் பாத்துட்டு சிரிப்ப. உங்கம்மா போனதுக்கப்புறம் நீ சிரிச்சு நான் பாத்ததே அப்போதாம்மா."