பின்பக்கத்துப் பெயர்கள்

என் வேலையே காகிதத்தைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்வதுதான். துபாயில் ஒரு கட்டட ஆலோசனை அலுவலகத்தில் டாக்குமெண்ட் கன்ட்ரோலராக இருந்தேன். எந்த டிராயிங் எந்த சைட்டுக்கு எப்போது போனது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், திரும்பி வந்ததா என்று யார் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு பெரிய மனுஷரின் புத்தகத்தைக் கை நழுவ விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் எங்கள் அலுவலகத்தின் மூத்த டிராஃப்ட்ஸ்மேன். அறுபதைத் தாண்டியவர். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர். மற்றவர்கள் நேரே கம்ப்யூட்டரில் வரைய, அவர் மட்டும் முதலில் பென்சிலால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவார். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை ‘யா பின்த்தி’ என்பார். அரபியில் மகளே என்று அர்த்தம். இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு ஜனவரி மாதம், தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே நான் நாவல் படிப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவருடைய அக்கா வைத்திருந்த புத்தகமாம், தங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும் என்றார்.

மாவு மில் வைத்திருந்த ஒரு ஆர்மீனியக் குடும்பத்தின் கதை அது. அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள், மாமா, அத்தைகள் என்று வீடு நிறைய ஆட்கள். முதல் நூறு பக்கம் கல்யாணமும் சண்டையும் சமையலும்தான். ஒருநாள் காலையில், எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று ஆணை வருகிறது. ஆண்களைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோய்க் கொல்கிறார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பாலைவனத்தைப் பார்த்து நடக்க வைக்கிறார்கள். ஷார்ஜாவுக்குத் திரும்பும் அலுவலக பஸ் டிராஃபிக்கில் நிற்க, நான் பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொருவராகச் சாவதைப் படித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட்டு மலையாளிப் பெண் என் வீட்டில் ஏதோ துக்கம் என்றே நினைத்துவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு பையன் பிழைக்கிறான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்களையும் அசீரியர்களையும் கிரேக்கர்களையும், அதாவது அங்கே சிறுபான்மையாக இருந்த கிறிஸ்தவர்களை, ஊர் ஊராக அழித்தார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் முதல் உலகப் போருக்கு ஐந்து காரணங்கள் எழுதி மார்க் வாங்கியவள் நான். வெட்கமாக இருந்தது.

படித்து முடித்ததும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் வளைகுடாவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வந்தால் ஃபிளாட்டிலிருந்து ரூமுக்கு, ரூமிலிருந்து தொழிலாளர் கேம்புக்கு என்று அட்டை கிழியும்வரை சுற்றும். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. படித்தவர் அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் முறை. ஓமானில் சோஹார் துறைமுக வேலையில் இருந்த என் தம்பி ஒரு வெள்ளிக்கிழமை மீன்குழம்பு சாப்பிட வந்தான். போகும்போது புத்தகத்தைப் பார்த்து, எடுத்துட்டுப் போகட்டுமா என்றான். எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், மறந்தே போனேன்.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். கேட்கத் தயங்குகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. இருபத்து நான்காம் தேதி அந்தச் சாவுகளுக்கான நினைவு நாள், சாயங்காலம் ஷார்ஜாவில் உள்ள தங்கள் சர்ச்சில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கும், அதற்குப் புத்தகம் வேண்டும் என்றார். நாவல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

“கடைசியில் வெறும் தாள்கள் இருக்குமே, நீ பார்க்கலையா? என் அக்கா எழுதி வைத்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். இப்போது இரண்டு பேரும் இல்லை. எனக்கு எல்லாப் பெயரும் நினைவில் இல்லை.”

நான் எங்கே பார்த்தேன்! கதை முடிந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியவள், அதற்குப் பிறகு ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை. ஜெராக்ஸ் எடுத்து வைக்கவில்லையா சார் என்று கேட்டேன், என் தப்பை அவர் தலையில் கட்டப் பார்ப்பவளைப் போல. வருஷா வருஷம் எடுக்கணும் என்று நினைப்பதாகவும், வாசித்து முடித்ததும் மூடி வைத்துவிடுவதாகவும் சொன்னார். வீட்டில் இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் நிம்மதியாகத் தன் இடத்துக்குப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படிக்கட்டுக்குப் போய்த் தம்பிக்கு போன் போட்டேன்.

“எக்கா, அது இப்ப என்ட்ட இல்லியே. ஸ்டோர் கீப்பர் அண்ணனுக்குக் குடுத்துட்டேன். அவரு லீவுல ஊருக்குப் போறாரு. புஸ்தகத்தையும் பெட்டியில வச்சுக் கட்டியாச்சுன்னாரு.”

தம்பியைக் காய்ச்சி எடுத்துவிட்டேன். அவன் என்ன செய்வான், பாவம். பழி முழுக்க என்னுடையது. அந்த ஸ்டோர் கீப்பர் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, சோஹாரில் ஹெல்மெட்டும் கையுறையும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மறுநாளே அவருக்கு மஸ்கட்டிலிருந்து விமானம். ஊருக்குப் போகும் அட்டைப் பெட்டியை எப்படிக் கட்டுவார்கள் என்று தெரியுமல்லவா? டேப்பைச் சுற்றி, அதன்மேல் நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, நாலு பேர் ஏறி நின்று முடிச்சுப் போடுவார்கள். அதை அவிழ்க்கச் சொல்வது ஒருவரைப் பாதிச் சவரத்தில் எழுந்துவரச் சொல்வது போலத்தான். அது கதைப் புத்தகம் மட்டும் இல்லை, ஒரு குடும்பத்தின் செத்தவர்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லு என்றேன்.

சாயங்காலம்வரை போன் வரவில்லை. எத்தனை டிராயிங்குக்குத் தப்பு நம்பர் போட்டேனோ, எனக்கே தெரியாது. கடைசியில் தம்பி கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷர் உடனே கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாராம். அடியில் போர்வைக்கும் பால்பவுடர் டின்களுக்கும் நடுவில் புத்தகம் இருந்ததாம். வயிற்றில் பாலை வார்த்தாய் தம்பி என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவருக்கு இன்னும் நாற்பது பக்கம் பாக்கியாம். அந்தக் கடைசிப் பையன் பிழைத்தானா என்று மட்டும் கேட்கச் சொன்னாராம். பிழைத்தான் என்று சொல்லச் சொன்னேன்.

தம்பி இருபத்து மூன்றாம் தேதி நேரில் கொண்டுவந்தான். வாங்கியதும் கடைசித் தாள்களைப் பிரித்தேன். அக்காவின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில் மூன்று பக்கம் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில், தமிழில், அதே பெயர். அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். நாவலில் வரும் ஆட்களின் பட்டியல்தான் அது, யார் யார் என்று குழம்பாமல் இருக்க யாரோ எழுதி வைத்திருக்கிறார் என்று அந்த எம்.ஏ. நினைத்திருக்கிறார். தன் சௌகரியத்துக்குத் தமிழிலும் எழுதிக்கொண்டுவிட்டார். ரப்பரை எடுத்தேன். அழித்தால் பேனா எழுத்தும் போய்விடுமோ என்று பயந்து மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் சாரிடம் புத்தகத்தை நீட்டி, பொய் சொன்னது முதல் பென்சில்வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். இது என் தாத்தா பெயரா, இது என் பெரியப்பா பெயரா என்று தமிழ் எழுத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டார். பிறகு சிரித்தார். அழிக்காதே, இப்போது இரண்டு பிரதி ஆகிவிட்டது, சாயங்காலம் நீயும் வா என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

சர்ச் வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அத்தனை பேரில் நான் மட்டும் வெறுங்காலுடன் நின்றேன். ஒவ்வொரு குடும்பமாக எழுந்து வாசித்தார்கள். சிலருக்கு நாலு பெயர், சிலருக்கு நாற்பது. சாரின் முறை வந்தது. இரண்டாவது பக்கத்தில் குரல் அடைத்தது. தண்ணீர் கொடுத்தும் சரியாகவில்லை. பக்கத்தில் நின்ற என் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். அந்தச் சாய்ந்த எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. பென்சில் எழுத்தைப் பார்த்து வாசித்தேன். நான் ஒரு பெயரைச் சொல்ல, அவர் அதைத் திருத்தமாகத் திரும்பச் சொல்ல, மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிவரை வந்துவிட்டோம்.

அந்த வரியில் பெயர் இல்லை. ‘பெண் குழந்தை, இருபது நாள், இன்னும் பெயர் வைக்கவில்லை’ என்று அக்கா எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் அந்த ஸ்டோர் கீப்பர் தன் பென்சிலால் ‘குட்டிம்மா’ என்று எழுதியிருந்தார்.

நான் நிறுத்திவிட்டேன். சார் என்னைப் பார்த்தார். ரகசியம்போலச் சொன்னேன், “பெயர் வைக்காத பெண் குழந்தையை எங்கள் வீடுகளில் இப்படித்தான் கூப்பிடுவோம் சார்.”

என் வாயையே பார்த்து இரண்டு தடவை சொல்லிப் பழகினார். பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, தன் அப்பாவின் கடைசித் தங்கையின் பெயரைச் சத்தமாக வாசித்தார்.