மீன் கேட்ட வேரோனிக்கா அக்கா

கந்தசஷ்டி ஆறு நாளும் பக்கத்து வீட்டிலிருந்து மீன் பொரிக்கிற மணம் வராது. ஊரை விட்டு வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டுக்குக் குடிவந்த முதல் மூன்று வருடமும் இதை நான் முருகன் செயல் என்றே நினைத்திருந்தேன். அந்த வீட்டு வேரோனிக்கா அக்காதான் ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்து உண்மையைச் சொன்னார்.

"முருகன் எங்கை? எல்லாம் இவர்தான். 'பக்கத்து வீட்டுத் தங்கச்சி விரதம் பிடிக்குது, ஒரு கிழமைக்குச் சட்டியைக் கவிட்டு வை' எண்டுபோட்டார். மீனில்லாமல் எனக்குச் சோறு இறங்குமே? விரதம் உமக்கு, பட்டினி எனக்கு!"

இவர் என்றது புருஷன் ஜெயரட்ணம் அண்ணையை. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், இங்கே கார் நிறுத்துகிற இடத்தில் ரிக்கெற் கொடுத்தார். இந்த மீன் கதையை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் அக்காவுக்கு மறதி தொடங்கியது. முதலில் கதவுப் பூட்டின் திறப்பு, பிறகு அடுப்பு, பிறகு தான் இருக்கிற மாடி. டொக்ரர் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார். வயதோடு வருகிற மூளை வருத்தம், எழுதித்தர மருந்தில்லை என்றார். அஜக்ஸில் இருக்கிற மகள் செலீன் நேர்சிங் ஹோமில் தாயின் பெயரைப் பதிந்தாள்.

"அப்பா, போன கிழமை அம்மா ரோட்டிலை செருப்பில்லாமல் நிண்டவா. நீங்கள் வேலைக்குப் போனா ஆர் பாக்கிறது?"

"வேலையை விடுறன். செப்ரெம்பர் வருமட்டும் பொறு பிள்ளை. டொக்ரர் பாத்து, தேறேல்லை எண்டாக் கொண்டுபோ."

அதற்குள் அக்காவைத் தேற்றி வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அண்ணைக்கு வேறு நினைப்பே இல்லை.

ஜெராட் வீதியில் ஒரு சீன மருந்துக்கடை இருந்தது. ஓகஸ்ட் தொடக்கத்தில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக என்னையும் துணைக்கு அழைத்தார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பு லாச்சிகள். சீனக் கிழவர் அக்காவின் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். வேர், பட்டை, காய்ந்த பழம் என்று சின்னத் தராசில் நிறுத்து நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினார். அவருடைய மகள் ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார். மூன்று கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்ற வேண்டுமாம். போன நினைவு திரும்பும் என்று சத்தியம் பண்ண மாட்டாராம். இருக்கிறது கொஞ்சக் காலம் நிற்கலாமாம்.

பத்தியம் என்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கசாயம் என்றால் பத்தியம் இருக்குந்தானே, அதைப் போய் யார் கேட்பார்கள்? தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் திரும்பும்போதே அண்ணை விரலை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

"புளி இல்லை, மிளகாய் இல்லை, மீன் இல்லை. உப்பு அரைவாசி. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள். என்ன தங்கச்சி?"

"ஓம் அண்ணை." என் வாயால்தான் சொன்னேன்.

ஒவ்வொரு காலையும் கசாயம் கொதித்தது. மணம் எங்கள் பக்கம் வராமல் கதவின் கீழே ஈரத் துவாயைச் செருகி வைப்பார். ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. மூன்றாம் கிழமை கதவைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கேட்டீங்களே தங்கச்சி! 'இஞ்சேருங்கோ, மீன் எங்கை' எண்டு கேக்கிறாள். செலீன்ரை பேர் தெரியேல்லை, மீன்ரை பேர் தெரியுது. மருந்து பிடிக்குது!"

"அப்ப ஒரு துண்டு பொரிச்சுக் குடுங்கோவன்."

"நல்ல கதை. பத்தியம் முறிஞ்சா மருந்தே நஞ்சாப் போகும்."

அக்கா ஒவ்வொரு நேரமும் கேட்டார். கேட்கக் கேட்க அண்ணைக்குச் சந்தோஷம். கேட்டதை மட்டும் கொடுக்க மாட்டார். உப்பில்லாத கஞ்சியை அக்கா தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைக்காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியது.

"அக்கா மெலிஞ்சு போறா, அண்ணை."

"ஊளைச்சதை கரையுது. இன்னும் பதினொரு நாள்தான்."

சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிற்று. முருகா, இந்த மனிதனுக்கு நல்ல புத்தியைக் கொடு என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டேன். ஒரு துண்டு மீனை நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். சைவக்காரி மீனைத் தொடுவதா என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

மண்டலம் முடியச் சில நாள் இருக்க, செப்ரெம்பரில் டொக்ரரிடம் நானும் போனேன். முதலில் அக்காவின் நிறையைப் பார்த்தார்கள். இருபது இறாத்தல் குறைந்திருந்தது. அதற்குமேல் ஞாபகத்தைப் பற்றி ஒருவரும் பேசவேயில்லை. என்ன சாப்பிடுகிறார் என்று டொக்ரர் கேட்டார். அண்ணை சொன்னார், ஒளிக்கவில்லை.

"அப்பா!" என்று செலீன் அழுதுவிட்டாள். "அம்மாவைப் பட்டினி போட்டு வச்சிருக்கிறியள்!"

வீட்டில் வைத்துப் பார்க்க ஏலாது என்று டொக்ரர் எழுதிக் கொடுத்தார். ஒக்ரோபரில் அக்காவை அஜக்ஸ் பக்கம் ஒரு நேர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள்.

மிஞ்சின பொட்டலங்களோடு அண்ணை மருந்துக்கடைக்குப் போனார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். அண்ணை நடந்ததைச் சொல்ல, கிழவர் தராசைக் கீழே வைத்துவிட்டுத் தன் மகளிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை அண்ணை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. ஸ்ரீற்காரில் பாதி வழி வந்தபிறகுதான் சொன்னார்.

"மீன் குடுக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னதெண்டு கேக்கிறார். மீன் நல்லதாம், தங்கச்சி. நல்லாச் சாப்பிட்டாத்தான் மருந்து வேலை செய்யுமாம்."

எனக்கு அண்ணைமேல் கோபம் வந்தது. முன்னமே சொல்லாத கிழவர்மேலும் வந்தது. நாங்கள் கேட்காததை அந்த மனிதர் எப்படிச் சொல்வார்?

நவம்பரில் அண்ணை வீட்டைக் கொடுத்துவிட்டு மகளோடு இருக்கப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அவர் போன அன்று சஷ்டி விரதத்தின் நாலாம் நாள். விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறந்தால் நடைபாதை முழுக்க மீன் பொரித்த மணம். லிப்ற்றுக்குப் பக்கத்தில் பெட்டிகளோடு அண்ணை நின்றார். துவாயால் சுற்றின சாப்பாட்டுப் பெட்டி ஒன்று மட்டும் நெஞ்சோடு இருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. உங்கடை விரத நாளெண்டு தெரியும். இண்டைக்குப் பொரிச்சிட்டன்."